அரிசி வேனும் போர்டும்

எழுதி வைத்திருக்கும் எதையும் அப்படியே நம்பி, அதன்படியே நடக்கும் மனிதர்களில் கேரளத்தில் கடைசியாக மிஞ்சியவன் எங்கள் போர்டுதான். பெற்றவர்கள் அவனுக்கு வைத்த பெயர் ஒன்று உண்டு. கழக்கூட்டம் என்ற ஊரில் நாங்கள் வேலை பார்த்த அலுவலகத்தில் அது சம்பளப் பட்டியலில் மட்டும் புழங்கியது. மற்றபடி மேனேஜர் முதல் கேன்டீன் சேச்சி வரைக்கும் அவன் போர்டு.

லிஃப்டில் எட்டுப் பேர் என்று எழுதியிருந்தால் ஒன்பதாவது ஆளாக அவன் ஏற மாட்டான். அது பரவாயில்லை. வேறு யாராவது ஒன்பதாவதாக ஏறினாலும் அவன்தான் இறங்கிக்கொள்வான். ஒருமுறை தரை துடைக்கிறவர் 'ஈரத் தரை, கவனம்' என்ற மஞ்சள் பலகையை எங்கள் மாடி வராந்தாவிலேயே மறந்துவிட்டு லீவில் போய்விட்டார். மூன்று நாளும் நாங்கள் அதைத் தாண்டித்தான் நடந்தோம். போர்டு மட்டும் மூன்று நாளும் அவசரப் படிக்கட்டில் ஏறி, கட்டிடத்தையே ஒரு பிரதட்சிணம் செய்து தன் நாற்காலிக்கு வந்து சேர்ந்தான்.

"தரை காஞ்சு கருவாடாக் கிடக்கேடா!" என்றேன்.

"போர்டு இருக்குல்லா?" என்றான். "எழுதி வச்சவன் சும்மாவா எழுதுவான், மக்கா?"

அவன் சொந்த ஊர் எல்லையோரத்துப் பாறசாலைப் பக்கம். தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் இறங்கி மறுபடியும் தமிழில் ஏறுகிற பேச்சு.

நாங்கள் நாலு பேர் ஒரே வாடகை ஃபிளாட்டில் இருந்தோம். நான், போர்டு, பிஜு, சுயம்பு. பிஜு கொல்லத்துக்காரன். பொறுமை என்பது மற்றவர்களுக்கு இருக்க வேண்டிய குணம் என்று நம்புகிறவன். சுயம்புவின் அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து சாலை பஜாரில் அரிசி மொத்த வியாபாரம் செய்பவர். ஓணம் விடுமுறைக்குக் காட்டு வழியாக அச்சன்கோவில் வரைக்கும் போய் வரலாம் என்று பிஜுதான் கிளப்பினான். யார் கையிலும் காசில்லை. எனவே லாட்ஜ் கிடையாது, ஓட்டல் கிடையாது. சுயம்பு வீட்டு அரிசி வேனில் போவது, ஸ்டவ்வையும் குக்கரையும் தூக்கிக்கொண்டு போய் ஆற்றங்கரையில் பொங்கித் தின்பது, வேனுக்குள்ளேயே படுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

சுயம்புவின் அப்பா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"போர்டுத் தம்பி ஓட்டுனா வண்டி தாரேன். நீங்க மூணு பேரும் ஸ்டீயரிங்கத் தொட்டியன்னு கேள்விப்பட்டேன், பொறவு கடைப்பக்கம் வரக்கூடாது."

விடிகாலையில் சாலை பஜாரிலிருந்து கிளம்பினோம். வழியில் எங்கெல்லாம் முப்பது என்று எழுதியிருந்ததோ அங்கெல்லாம் முப்பது. பள்ளிக்கூடத்து போர்டைக் கண்டால் இருபது. அன்று பள்ளிக்கூடம் லீவு என்று சொல்லிப் பார்த்தோம். "அது போர்டுல இல்லையே" என்றான். நெடுமங்காட்டுக்கு அப்பால் ஒரு பால்காரர் எங்களை முந்திக்கொண்டு போனார். வீடு வீடாகப் பாலை ஊற்றிவிட்டுத் திரும்பி எதிரே வரும்போது, பழைய சிநேகிதர்களைப் பார்த்த மாதிரி கையை ஆட்டிவிட்டுப் போனார்.

பாலோடு என்ற ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் காடு. ஓர் ஓடைக்கரையில் ஸ்டவ்வை இறக்கினோம். போர்டு ஒரு மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். மரத்தில் தகரம். தகரத்தில் 'தீ மூட்டாதீர்'.

"எடா, அது காட்டுத்தீக்கு எழுதினது! இது குக்கர்!" என்றான் பிஜு.

"குக்கருக்கு அடியில என்ன எரியும்?"

பிஜு ஸ்டவ்வைத் திரும்ப வேனில் ஏற்றினான். அடுத்து நிறுத்திய இடத்திலும் அதே தகரம். அதற்கடுத்த இடத்திலும். கடைசியில் ஊற வைத்த அவலில் வெல்லத்தை உடைத்துப் போட்டு, வாழைப்பழத்தைப் பிசைந்து தின்றோம். அரிசி வேனில் அரிசியை வைத்துக்கொண்டு அவல் தின்றவர்கள் நாங்கள். சரி, குளிக்கவாவது செய்யலாம் என்று சட்டையைக் கழற்றினால், 'ஆழமான பகுதி, குளிக்கக் கூடாது'. தண்ணீர் சுயம்புவுக்குக் கணுக்கால் வரைக்கும் இருந்தது.

"மழைக்காலத்துல ஆழமா இருக்கும்லா," என்று போர்டு விளக்கம் சொன்னான். சட்டையை மாட்டிக்கொண்டோம்.

தென்மலையைத் தாண்டி ஒரு வளைவில், பள்ளத்தாக்கைப் பார்க்க எல்லாரும் வண்டியை நிறுத்தும் இடம் இருந்தது. அங்கே 'குப்பையைத் திரும்ப எடுத்துச் செல்லவும்' என்று எழுதியிருந்தது. எங்கள் குப்பை என்று பார்த்தால் நாலு பழத்தோல். நாங்கள் மூவரும் மேகத்தைப் பார்த்து முடித்துத் திரும்பியபோது போர்டு ஒரு காலி அரிசிச் சாக்கை விரித்துவைத்து, பாட்டில், பிஸ்கட் உறை, பிய்ந்த செருப்பு என்று பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"அதெல்லாம் ஊரான் குப்பைல!" என்று சுயம்பு அலறினான்.

"யார் குப்பைன்னு எழுதல்லையே."

மூன்று சாக்கு நிரம்பியது. நாங்கள் படுப்பதாக இருந்த இடத்தில் அந்த மூன்றும் சாய்ந்து உட்கார்ந்துகொண்டன. அதற்கப்புறம் பிஜு போர்டுடன் பேசவில்லை.

அச்சன்கோவில் காட்டுப் பாதையில் நுழைந்தபோது மூன்று மணி இருக்கும். மழை பெய்து ஓய்ந்திருந்தது. கொஞ்ச தூரத்தில் பெரிய பலகை. 'யானைகள் கடக்கும் இடம். ஹாரன் அடிக்கக் கூடாது. வண்டியை விட்டு இறங்கக் கூடாது. யானைகளுக்கு வழிவிடவும்.' போர்டு வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தான்.

"யானை எங்கடா?" என்றேன்.

"வரும். வழி விடச் சொல்லியிருக்குல்லா?"

பத்து நிமிடம் ஆயிற்று. அரை மணி ஆயிற்று. யானை வரவில்லை. குப்பைச் சாக்கின் வாசம் மட்டும் வந்தது. முக்கால் மணி ஆனபோது பிஜு வெடித்தான்.

"நீ மனுஷனாணோடா? தலையில மூளை இருக்கா, அதுவும் தகரமா? மாறு! நான் ஓட்டுறேன்!"

எனக்கும் பசி. சுயம்புவுக்கும் பசி. நாங்கள் இருவரும் பிஜு பக்கமே பார்த்தோம். போர்டு எங்கள் முகங்களை ஒருமுறை பார்த்தான். பிறகு, கீழே இறங்கக் கூடாது என்பதால் சீட்டின் மேலாகவே ஏறி, என் தோளை மிதித்துப் பின்பக்கம் போய்ச் சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்தான்.

பிஜு வேகமாகத்தான் எடுத்தான். இரண்டாவது வளைவைத் திரும்பியதும் பிரேக்கை மிதித்தான்.

ரோட்டில் யானை. ஒன்று நடுவில் நின்றது. வேறு இரண்டு பக்கவாட்டில் மூங்கிலுக்குள் நின்றன. நடுவில் நின்றதன் கால்களுக்கிடையில் ஒரு குட்டி. எங்களுக்கும் அதற்கும் இருபது இருபத்தைந்து அடிதான். தாய் யானை காதை விரித்தது. பிஜுவின் கை ஹாரனை நோக்கிப் போனது. பின்னாலிருந்து ஒரு கை நீண்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

"அடிக்காத மக்கா. எஞ்சின ஆஃப் பண்ணு. அப்பிடியே இரு."

எஞ்சின் அணைந்தது. அப்போதுதான் எங்களுக்குப் பின்னால், வளைவுக்கு அந்தப் பக்கம், ஒரு மோட்டார் சைக்கிள் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. தாய் யானை தலையைத் தூக்கி எங்களை நோக்கி இரண்டடி எடுத்து வைத்தது. சுயம்பு கண்ணை மூடிக்கொண்டான்.

வேனின் பின்கதவு திறந்தது. போர்டு கீழே இறங்கினான்.

பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வளைவை நோக்கி ஓடினான். மோட்டார் சைக்கிளில் ஒருவர், அவர் மனைவி, இருவருக்கும் நடுவில் ஐந்து வயசுப் பெண் குழந்தை. அவர் ஹாரனிலிருந்து விரலை எடுப்பதற்குள் போர்டு அந்தக் கையையே பிடித்து விலக்கிவிட்டான். வாயில் விரலை வைத்துக் காட்டினான். வண்டியை அங்கேயே சாய்த்துப் போட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மூன்று பேரையும் வேன் மறைவிலேயே நடத்திக் கூட்டிவந்து உள்ளே ஏற்றினான்.

அதற்கப்புறம் அவனுக்கு இடமில்லை. மூன்று சாக்குக் குப்பை உள்ளே இருந்தது. கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, வேனின் பக்கவாட்டில் முதுகை ஒட்டிக்கொண்டு வெளியிலேயே நின்றான்.

எவ்வளவு நேரம் என்று எங்கள் நாலு பேரில் யாரைக் கேட்டாலும் வேறு வேறு கணக்கு வரும். குழந்தையின் வாயை அதன் அம்மா பொத்தியிருந்தாள். யானை காதை அசைத்தது. தும்பிக்கையை எங்கள் பக்கம் நீட்டிக் காற்றை மோந்தது. பிறகு குட்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு எதிர்ப்பக்கத்து மூங்கிலுக்குள் இறங்கிப் போய்விட்டது. மற்ற இரண்டும் நிதானமாகத் தொடர்ந்தன.

மோட்டார் சைக்கிள்காரர் போர்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வண்டியை நிமிர்த்தி, மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பிஜு சாவியை எடுத்து போர்டிடம் நீட்டினான்.

"நீயே ஓட்டு," என்றான். அவன் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

போர்டு முப்பதில் ஓட்டினான். யாரும் அவசரப்படுத்தவில்லை. வனத்துறை செக்போஸ்ட் வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு நேரே அங்கே காவலில் இருந்த கார்டிடம் போனான். நானும் பின்னாலேயே போனேன்.

"சார், யானை கடக்குற எடத்துல நான் வண்டிய விட்டு இறங்கிட்டேன். இறங்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு. ஃபைன் போடணும்."

கார்டு வயசானவர், மீசைக்காரர். செங்கோட்டைப் பக்கத்து ஆட்களோடு பழகித் தமிழும் வரும். அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"அது ஆரு கண்டது?"

"நான் கண்டேன்லா சார்."

அவர் என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு அவர் ரசீதுப் புத்தகத்தை எடுக்கவில்லை. உள்ளே பார்த்து, இரண்டு கட்டன் சாயா போடச் சொன்னார்.

"ஃபைன் பின்னே பார்க்கலாம். முதல்ல உட்காருங்க மோனே," என்றார்.

போர்டு பெஞ்சில் உட்கார்ந்தான். கண்ணாடி கிளாஸை வாங்கினான். டீ தளும்பி விரலில் வழிந்தது. அவ்வளவு நேரமும் அவன் கைகள் அப்படி நடுங்கிக்கொண்டிருந்திருக்கின்றன, நாங்கள் யாருமே கவனிக்கவில்லை. நான் என் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அவன் கையோடு சேர்த்து அவன் கிளாஸைப் பிடித்துக்கொண்டேன். அவன் குடித்து முடிக்கிறவரைக்கும் விடவில்லை.