எட்டுக்கு ஒரு பக்கம்

நாவல் என்று ஒன்று உலகில் தோன்றிய நாளிலிருந்து, அதை எப்படி வாசிக்க வேண்டும் என்று சரியாகக் கண்டுபிடித்தவர் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் அனந்தபத்மநாபன். வேறு எங்கோ வெளிநாட்டில் இருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். தினமும் காலை ஆறரை மணிக்கு, திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது வரிசை ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார்.

கார் பாகங்கள் செய்யும் அந்தக் கம்பெனியில், வெளியிலிருந்து வரும் சரக்கைச் சோதித்து உள்ளே விடும் பிரிவுக்கு அவர் உதவி மேலாளர். ஒரு பெட்டியில் பத்தாயிரம் போல்ட் வந்தால் பத்தாயிரத்தையும் எவனாவது அளந்துகொண்டிருப்பானா? இடைவெளி விட்டு இடைவெளி விட்டுச் சிலதை எடுத்து அளப்பார்கள். எடுத்தது சரி என்றால் பெட்டியே சரி. போல்ட்டுக்கு இருக்கும் இந்த நியாயம் புத்தகத்துக்கு மட்டும் ஏன் இல்லை என்று ஒருநாள் பெரியபாளையம் தாண்டும்போது அவருக்குத் தோன்றியது. வாசிப்பின் வரலாறு அன்றைக்குத் திசை மாறியது.

அதுமுதல் எட்டுக்கு ஒரு பக்கம். எட்டு, பதினாறு, இருபத்து நான்கு என்று போவார். இருநூறு பக்க நாவல் என்றால் இருபத்தைந்து பக்கம். எதிர்ப்பக்கம் கண்ணில் பட்டுச் சோதனை கெட்டுப்போய்விடக் கூடாது என்பதற்காக அதன்மேல் கைக்குட்டையைப் போட்டு மூடிக்கொள்வார். இறங்குவதற்குள் தீர்ப்பு தயாராகிவிடும். 'ஏற்கப்பட்டது', 'திருத்தி அனுப்பவும்', 'நிராகரிக்கப்பட்டது' என்று மூன்று ரப்பர் முத்திரைகளைச் சொந்தமாகச் செய்து வைத்திருந்தார்.

பெருமாள் சந்நிதியில் பாசுரம் சேவிக்கும் குடும்பம் அவருடையது. அண்ணா ஸ்ரீராமன் இன்றைக்கும் கோஷ்டியில் நின்று ஓதுகிறார். ஒரு சொல் விட்டுப்போனால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் குடும்பத்திலிருந்து ஒருவர் ஏழு பக்கத்தை ஒரே தாவலில் தாண்டினார் என்றால், அதுதான் விஞ்ஞானம்.

அவருடைய மதிப்புரைகள் 'தடம் எண் நான்கு வாசகர் வட்டம்' என்ற வாட்ஸப் குழுவில் வெளியாகும். நூற்று நாற்பது உறுப்பினர்கள். சமீபத்தில் அவர் வாசித்த காதல் நாவல் 'உன் குடையில் பாதி இடம்'. அதில் எட்டாம் பக்கத்தில் நாயகன் நாயகியைப் பார்க்கிறான். பதினாறாம் பக்கத்தில் அவள் அவனை அறைகிறாள். இருபத்து நான்காம் பக்கத்தில் அவர்களுடைய பையனுக்கு ஆண்டு நிறைவு. "காலத்தைக் கையாள்வதில் இந்த ஆசிரியருக்கு நிகர் இல்லை" என்று எழுதினார்.

அடுத்து 'ஏழாம் மாடியில் எட்டாவது பிணம்' என்ற மர்ம நாவல். அவர் பார்த்த பக்கங்களில் ஒரு பிணமும் விழவில்லை, கொலைகாரனும் அகப்படவில்லை. "வன்முறையே இல்லாத மர்மக் கதை. கொலையாளி யார் என்பதை வாசகரின் மனச்சாட்சிக்கு விட்டுவிட்ட துணிச்சல் பாராட்டத்தக்கது" என்று எழுதி, 'ஏற்கப்பட்டது' முத்திரையும் குத்தினார். அந்த ஆசிரியர் போன் செய்து அழுதாராம். ஆனந்தக் கண்ணீர் என்று அனந்தபத்மநாபன் எடுத்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவரின் வீட்டிலேயே ஒரு நாவல் உருவாகிக்கொண்டிருந்தது. எழுதியவர் அவருடைய மனைவி கோதைநாயகி. காலையில் அவரைப் பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு, மதியம் வரை உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். கடைத்தெருவில் இருந்த அச்சகத்துக்கு அவரே நடந்துபோய், எந்தப் பக்கத்தில் எது வர வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொல்லி அடுக்கச் செய்தார். காதலும் மர்மமும் கலந்த கதை. பெயர் 'கோமளாவைக் காணவில்லை'.

கம்பெனியின் மனிதவள அதிகாரி ராபினுக்குச் செய்தி எட்டியது. "சார், எம்ப்ளாயீ எங்கேஜ்மென்ட்டுக்கு இதவிட இன்னா வேணும்? நம்ம கேன்டீன்லயே வெளியீடு வச்சுக்கலாம். நீங்கதான் மதிப்புரை" என்றார். இருநூறு பிரதி வாங்கி, வெளியீட்டுக்கு மூன்று வாரம் முன்னாலேயே பஸ் பஸ்ஸாகக் கொடுத்தும் விட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று ராபின் பார்க்கவில்லை. தரச் சோதனை அவர் வேலை இல்லை.

முதல் பிரதியைக் கோதைநாயகி கணவர் கையில் கொடுத்தார்.

"ஏன்னா, இதை மட்டும் முழுசா படிங்கோ. உள்ள உங்களுக்குன்னு ஒரு கேள்வி வச்சிருக்கேன். மேடையில பதில் சொல்லுங்கோ."

"கோதை, முறைன்னு ஒண்ணு இருக்கு. ஆத்துச் சரக்குன்னு சலுகை குடுத்தேன்னா நாளைக்கு என்னை யார் நம்புவா?"

"சரியான பதில் வந்தா இருக்கேன். வரலேன்னா நம்ம பொண்ணு ஸ்ரேயா கூப்பிட்டுண்டே இருக்காளே, அவளோட பெங்களூர் போயிடறேன். எத்தனை நாளைக்குன்னு கேக்காதீங்கோ."

"மர்ம நாவல் எழுதி எழுதி உன் பேச்சே மர்மமாயிடுத்து" என்று அனந்தபத்மநாபன் சிரித்தார். ஆனால் இந்த வீட்டில் துண்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. கோதை இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எப்படியும் அந்தக் கேள்வியைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார், முறை தவறாமல்.

மறுநாள் பஸ்ஸில் சோதனை தொடங்கியது. எட்டாம் பக்கத்தில் கோமளாவின் கணவன் காபியைக் குடித்துவிட்டு மெச்சுகிறான். பதினாறில் மழை. நாற்பதில் அந்தக் கணவனின் நுட்பமான வாசிப்பு ரசனை பற்றி ஒரு முழுப் பக்கம். அனந்தபத்மநாபனுக்கு மெய் சிலிர்த்தது. இவள் இவ்வளவு கவனித்திருக்கிறாளா? எழுபத்து இரண்டாம் பக்கத்தில் கேள்வியும் அகப்பட்டது. கோமளா ரசக் கரண்டியோடு நின்று கணவனிடம் கேட்கிறாள்: 'இன்னும் கொஞ்சம் சாத்தமுது விடட்டுமா?' இருபத்தைந்து பக்கத்திலும் கேள்விக்குறி போட்ட வாக்கியம் அது ஒன்றுதான்.

அதே நேரம் பஸ்ஸின் மற்ற இருக்கைகளில் வேறுவிதமான வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. விஞ்ஞானம் தெரியாத மக்கள், ஒன்றாம் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்தார்கள். பொன்னேரிப் பக்கம் நெல் வயல் வைத்திருக்கும் சுப்பிரமணியின் மகள் கல்பனா, பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறவள், புதுவாயல் கூட்டுரோட்டில் ஏறியதுமே டிரைவர் சின்னதுரைக்குக் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவாள்.

"இன்னாம்மா இது, பேஜாரான கதையா கீது. அந்தப் பொம்பள எங்கதான் போச்சு?"

"ரோட்டப் பாத்து ஓட்டுண்ணா. சாயந்தரம் சொல்றேன்."

கல்பனா எப்போதாவது அனந்தபத்மநாபனைத் திரும்பிப் பார்ப்பாள். ஒருநாள் கேட்டும் விட்டாள். "சார், பதில் ரெடியா? நாங்க அல்லாரும் அதப் பத்திதான் பேசிக்கினு கீறோம்."

"முதல் நாளே ரெடி" என்றார் அவர்.

இருபத்தொன்றாம் தேதி, சனிக்கிழமை, ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்குக் கேன்டீனில் வெளியீடு. பெங்களூரிலிருந்து மகள் ஸ்ரேயா காரில் வந்திருந்தாள். சாம்பார் வாளிகளை ஓரம் தள்ளி மேடை அமைத்திருந்தார்கள். ராபின் வரவேற்றுப் பேசி முடித்ததும் அனந்தபத்மநாபன் எழுந்தார். கூட்டத்தில் அப்படி ஓர் அமைதி, ஆண்டு போனஸ் அறிவிப்பன்றுகூட இருந்ததில்லை.

"நூலை முறைப்படி ஆராய்ந்தேன். ஒரு குறையும் இல்லை. குறிப்பாக, கோமளாவின் கணவன்! அன்பு, ரசனை, கவனம் எல்லாம் நிறைந்த இப்படியொரு பாத்திரத்தை நான் வேறெந்த நாவலிலும் கண்டதில்லை. அவன் எனக்கு என்னையே நினைவுபடுத்துகிறான்."

கேன்டீனில் எங்கோ ஒரு டம்ளர் கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"ஆசிரியர் எனக்கென்று ஒரு கேள்வியும் வைத்திருக்கிறார். அதற்கு என் பதில் இதுதான்." கோதையின் பக்கம் திரும்பி, குரலைக் குழைத்துக்கொண்டு சொன்னார்: "விடு. தாராளமாக விடு. எத்தனை கரண்டி விட்டாலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்."

முதலில் ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு கடைசி வரிசையில் யாரோ ஆரம்பித்து, மொத்தக் கேன்டீனும் சிரித்தது. கோதை மட்டும் மடியில் இருந்த புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்பனாவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றாள். "சார், அந்தக் கேள்வி இல்ல சார். நூத்திப் பதிமூணாம் பக்கம்."

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை அவர் நன்றாக வாசித்திருந்தார். கோமளா மாவடு போடும் காட்சி. நூற்றுப் பதிமூன்று அதற்கு எதிர்ப்பக்கம். கைக்குட்டைக்குக் கீழே இருந்தது.

கல்பனா படித்தாள். "கோமளா கணவனிடம் கேட்டாள்: 'நான் எந்தத் தேதியில் காணாமல் போனேன்? அதைச் சொல்லுங்கள், திரும்பி வந்துவிடுகிறேன்.'"

சின்னதுரை வாசலில் நின்றபடி எடுத்துக் கொடுத்தார். "தேதிதான் சார் கேக்குறாங்க அம்மா. எதுனா ஒரு தேதி சொல்லு சார்!"

இருபத்தாறு வருடம் சரக்குச் சோதித்த மனிதர். தேதி என்று காதில் விழுந்தால் கை தானாக முத்திரையைத் தேடும்; அதில் எப்போதும் அன்றைய தேதிதான் இருக்கும். பதற்றத்தில் அவர் வாயிலிருந்து அதுவே வந்தது.

"இன்னிக்கு. இருபத்தொண்ணாம் தேதி."

கோதைநாயகி நிமிர்ந்தார். கோபமாகக்கூட இல்லை. "சரி. அப்படியே ஆகட்டும்" என்றார். ராபினுக்கும் கூடியிருந்தவர்களுக்கும் கைகூப்பி நன்றி சொன்னார். கேட்டவர்களுக்கெல்லாம் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஸ்ரேயாவின் காரில் ஏறிப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அனந்தபத்மநாபன் தானே காபி போட்டு, அதைத் தானே கொட்டிவிட்டு, 'கோமளாவைக் காணவில்லை'யின் ஒன்றாம் பக்கத்தைத் திறந்தார். வாசிப்புத் துறையில் அவருடைய இரண்டாவது பெரும் சாதனை இது. ஒன்றுக்குப் பிறகு இரண்டு, இரண்டுக்குப் பிறகு மூன்று என்று படித்தார்.

ஒரு துப்பறியும் அதிகாரி, காணாமல் போன கோமளா என்ற பெண்ணைத் தேடி ஒரு வீட்டுக்கு வருகிறார். புகார் கொடுத்தவள் கோமளாவேதான். கணவனோ, "காணாமல் போனாளா? காபி வேளைக்கு வந்துகொண்டுதானே இருக்கிறது?" என்கிறான். பால்காரர் முதல் பூக்காரி வரை விசாரிக்கிறார்கள். எல்லோரும் அவளைப் பார்த்திருக்கிறார்கள், கணவனைத் தவிர. அனந்தபத்மநாபன் நடுவில் இரண்டு முறை எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். கதை அப்படி இருந்தது. உண்மையிலேயே நல்ல நாவல். அவர் வாழ்நாளில் வாசித்த ஒரே நாவலும் அதுதான்.

இன்னொன்றும் தெரிந்தது. எட்டின் மடங்குப் பக்கங்கள் மட்டும் மற்ற பக்கங்களோடு ஒட்டவே இல்லை. காபி, மழை, மாவடு, ரசனையுள்ள கணவன் என்று அவை தனியாக ஓடின. சில்லறை சப்ளையர்கள் செய்கிற வேலைதான். சோதிக்கிறவன் கை போகும் இடமாகப் பார்த்து நல்ல சரக்கை அடுக்கிவிட்டு, மீதியை உள்ளே வைத்துவிடுவார்கள். அப்படிச் செய்த எத்தனையோ பேரை அவர் பிடித்து, அவர்கள் பெயரைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்திருக்கிறார். இந்த ஒரு சப்ளையர்மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. தன் கை எங்கே போகும் என்று இத்தனை துல்லியமாகத் தெரிந்து வைத்திருந்த ஒருத்தியோடு, இத்தனை வருடம், ஒரே வீட்டில் இருந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

புத்தகத்தை முடித்ததும் போன் செய்தார். மூன்றாவது மணியில் கோதை எடுத்தார்.

"முழுசா படிச்சுட்டேன், கோதை. ஒரு பக்கம் விடலை."

"சரி."

"தேதி மட்டும் தெரியலை. யோசிச்சுப் பாத்துட்டேன். தெரியலை."

போனை வைத்துவிடப் போகிறாளோ என்று பயந்து அவசரமாகச் சொன்னார். "ஒரு புஸ்தகமே எழுதணுமா? நேர்ல சொல்லியிருக்கலாமே. புஸ்தகத்தோட அந்த முதல் வரி ஒண்ணு போறுமே, 'நான் இந்த ஆத்துல இருக்கேனான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு'ன்னு. அதை ஒரு நாள் என் மூஞ்சிக்கு நேரா நின்னு சொல்லியிருந்தா..."

"சொன்னேனே. மூணு வருஷம் முன்னாடி, ஆடி மாசம், முதல் வெள்ளிக்கிழமை. நீங்க பஸ்ஸுக்குக் கிளம்பிண்டிருந்தேள்."

அனந்தபத்மநாபனுக்கு அப்படி ஒரு வெள்ளிக்கிழமை நினைவிலேயே இல்லை.

"நான் என்ன சொன்னேன்?"

"'அபாரமான ஆரம்பம், கோதை. மேல எழுது'ன்னேள்."