எட்டாவது கார்டுக்கு வைத்த பொட்டு

வாய் திறவாதவள் யாருக்கும் கெடுதல் செய்யமாட்டாள் என்று நினைக்கிறார்கள். நான் மூன்று நாள் வாய் திறவாமல் இருந்தே ஒரு பிள்ளையின் வேலையைப் போக்கப் பார்த்தவள்.

வெள்ளவத்தையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் தேத்தண்ணீர் ஊற்றிக் கூட்டித் துடைத்து வந்தேன். (ஐந்தாம் வகுப்புப் படித்தவளுக்கு அது பெரிய உத்தியோகம்.) அங்கே நெட்வேர்க் கார்டுகளைச் சோதிப்பார்கள். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு மின்னல் வேகத்தில் தகவல் அனுப்பி, அது குறையாமல் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது. கார்டை இயக்கும் புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர்.

சரஸ்வதி பூசையன்று தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தல், விளக்குமாறு எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தேன். மேசையில் எட்டுக் கார்டுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் வயர் செருகும் துளை இரண்டு, கண்கள் மாதிரி. விடுவேனா? கண்களுக்கு நடுவே வைத்தேன். பன்னீர் கூடிப்போன சந்தனம். எட்டாவதில் வழிந்து ஒரு கண்ணுக்குள் இறங்கிவிட்டது. வெளியே மட்டும் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு நல்ல பிள்ளையாக வந்துவிட்டேன்.

அது புது மொடல். ஒன்றே ஒன்றுதான் வந்திருந்தது. அதற்கு டிரைவர் எழுதியவள் தர்சினி, வேலை இன்னும் நிரந்தரமாகாத பிள்ளை. சோதனையில் அந்தக் கார்டு மட்டும் தகவலை வழியிலேயே தொலைத்துக்கொண்டிருந்தது. அவள் சாப்பிடாமல் கிடந்து புரோகிராமைத் திருப்பித் திருப்பி எழுதினாள். நான் சொல்லத்தான் போவேன். கிட்டப் போனதும், "தேத்தண்ணி வேணுமா பிள்ளை?" என்று கேட்டுவிட்டுத் திரும்புவேன். (மூன்று நாளில் இருபது கோப்பை குடித்திருப்பாள், பாவம்.)

மூன்றாம் நாள் கூட்டத்துக்குத் தேத்தண்ணீர்த் தட்டோடு போனேன். கம்பெனியை நடத்தும் பெரிய சேர் சொல்லிக்கொண்டிருந்தார்: "உம்மட டிரைவர் சரிவராது தர்சினி. திங்கக்கிழமை நீர் வரத் தேவையில்லை."

"ஓம் சேர்" என்றாள், மேசையைப் பார்த்தபடி.

"சந்தனம்!" என்று யாரோ கத்தினார்கள். நான்தான்.

"என்ன அன்ரி?" என்றார் பெரிய சேர்.

"கண்ணுக்குள்ள போயிட்டுது சேர்."

"ஐயோ, தண்ணியால கழுவுங்கோ!"

"என்ர கண் இல்ல சேர், கார்டின்ர கண்."

தர்சினி ஓடிப்போய் டோர்ச் அடித்துப் பார்த்தாள். தகவல் அந்தத் துளை வழியே வெளிச்சமாகத்தான் போகுமாம். என் பக்தி அதற்கு மஞ்சள் திரை போட்டிருந்தது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து மறுபடி ஓட்டினார்கள். மாலைவரை ஒரு பிழையும் இல்லை.

"ஏன் அன்ரி முதலே சொல்லேல்ல?" என்றாள், அழுகையும் சிரிப்புமாக.

"வெக்கமா இருந்துது பிள்ளை."

பெரிய சேருக்கும் வெட்கமாக இருந்திருக்க வேண்டும். கோப்பையைப் பார்த்தே, "திங்கக்கிழமை வாரும்" என்றார்.

நான் வேலையை விட்டு வருடங்களாயிற்று. தர்சினி இப்போது அங்கே பெரிய ஆள். புதுக் கார்டு வந்தால் சோதனைக்கு முன் இன்னும் எனக்கு போன் எடுக்கிறாள்: "அன்ரி, பொட்டு ஒண்டும் வைக்கேல்லத்தானே?" என் மருமகன் அதை ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். வீடே சிரிக்க, நான் நகரத்தின் மறுகோடியில் கொட்டாஞ்சேனையில் இருந்துகொண்டு, "இல்லப் பிள்ளை, சத்தியமா" என்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.