நெட்டுக்குத்து அண்ணன் குனிய மாட்டார்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் யாருக்கும் தலை குனியாத ஆள் ஒருவர்தான். எங்கள் நெட்டுக்குத்து அண்ணன். மந்திரி வந்தாலும் குனிய மாட்டார். மயிலம் முருகனையும் நெட்டுக்குத்தாக நின்றுதான் கும்பிடுவார். காரணம் வீம்பு இல்லை. வயிறு.

நான் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில், அதாவது நிலக்கடலை மண்டியில், மூட்டை தூக்குகிறவன். அவர் அங்கே மூட்டைக்கு வாய் தைக்கிறவர். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் புண்ணுக்காக அவர் வயிற்றில் பாதியை எடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து வேலைக்கு வந்தார். ஆள் பாதி. பேச்சு முழுசு.

"இன்னாண்ணே ஆச்சு?"

"வயித்துக்குக் கீழ ஒரு கதவு இருந்துச்சிடா. அதையும் சேத்து எடுத்துட்டாங்க. இப்ப பித்தம் கேக்காம கொள்ளாம மேல வந்துகினு கீது. குனிஞ்சா வாய்க்கே வந்துடும்."

"மாத்திரை குடுக்கலையா?"

"முழுங்கிகினுதான் கீறேன். புளிப்பு அடங்குது. கசப்பு அடங்கல."

சாப்பாட்டுக்கு ஏழு சின்ன டப்பா கொண்டுவருவார். இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. சாப்பிட்டதும் கம்பம் மாதிரி நிற்பார். கெடாரில் ஒரு கல்யாணப் பந்தியில் நாலு வாய் தின்றுவிட்டு எழுந்தார். பெண்ணின் அப்பா ஓடிவந்தார். "கொழம்புல கொறைங்களா?"

"கொழம்பு நல்லாத்தாங்க கீது. எடம்தான் இல்ல."

வீட்டில் கட்டிலின் தலைமாட்டுக்கு மூன்று செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார். அவர் மனைவி மண்டிக்கே வந்து சொன்னது: "படுக்கும்போது மேல படுக்கறோம். காலைல ரெண்டு பேரும் கால்மாட்டுல குமிஞ்சி கெடக்கறோம்."

சிரித்தோம். ஆனால் வாய் தைப்பது குனிந்து செய்கிற வேலை. ஒரு நாள் முதல் மூட்டைக்குக் குனிந்தார். வெளியே ஓடிப் போய்த் துப்பினார். இரண்டாவதுக்கும் அப்படியே. பிறகு கோணி ஊசி கீழே விழுந்தது. "எவனாவது எடுத்துக் குடுங்கடா" என்றார். யாரும் நகரவில்லை. நானும்தான்.

மண்டிக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார், அந்தப் பயம்தான். "குனிய முடியாதவனுக்கு மண்டில இன்னாய்யா வேல? நாளையிலேர்ந்து ஊட்ல இரு. வேற ஆள் பாத்துக்கறேன்."

அண்ணன் முகம் செத்துப்போனது. அவருக்கு அந்த ஊசியைத் தவிர வேறு வேலை தெரியாது.

"நாளைக்குத்தான மொதலாளி? இன்னிக்கு லாரிய நான் அனுப்பறேன்."

"குனியாமயா?"

"குனியாமத்தான்."

கொல்லையில் சிமெண்ட் கல் கிடந்தது. பழைய கதவு ஒன்றும் கிடந்தது. அவர் கையை நீட்டிக் காட்டினார், நாங்கள் தூக்கினோம். கல்லை முட்டி உயரம் அடுக்கி, மேலே கதவைப் போட்டு, அதன்மேல் தராசை வைத்தோம். தராசின் மேல் காலிக் கோணி.

அதுவரை மல்லாட்டை சுமக்கிற பெண்கள் தலைக்கூடையை இறக்கி, குனிந்து, மூட்டையில் கொட்டுவார்கள். அன்றைக்குத் தலையிலிருந்தே சாய்த்தார்கள். கொட்டியதும் எடை. மூட்டை வாய் அண்ணன் நெஞ்சுக்கு நேராக நின்றது. நிமிர்ந்தபடி தைத்தார். நான் முதுகைக் காட்டினேன், மூட்டை தானாக வந்து ஏறியது. அன்று என் இடுப்பு ஒரு முறைகூடப் பிடிக்கவில்லை.

விளக்கு போட்ட பிறகு போகிற லாரி வெயில் இருக்கும்போதே போனது.

மண்டிக்காரர் கதவைச் சுற்றிச் சுற்றி வந்தார். "யார் யோசனய்யா இது?"

"என் வயித்து யோசனைங்க."

"நாளைக்கு வந்துடு" என்றார்.

இன்று எங்கள் வரிசையில் எல்லா மண்டியிலும் அந்த மேடை உண்டு. பேர் நெட்டுக்குத்து மேடை.

பித்தம் இன்னும் வருகிறது. வெளியே போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து அடுத்த மூட்டையைத் தைப்பார். ஊசி விழுந்தால் யாரையும் கூப்பிடுவதும் இல்லை. மண்டிக்காரரே குனிகிறார்.

நான் பக்கத்தில் இருந்தால் மண்டிக்காரரை எடுக்க விட மாட்டேன். நான்தான் எடுப்பேன்.