ஆய்வுக்கு ஒரு வேலையில்லாதவர்

வளரும் நாடுகளுக்கு உயர்கல்வியே ஏணி என்பதில் பினாங்கில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. ஏணியில் ஏறியவர்களுக்கு மட்டும் வேலை கிடைக்கவில்லை. எண்பத்தாறாம் ஆண்டு, இதற்குக் காரணம் கண்டறிய ஜார்ஜ்டவுனில் 'பட்டதாரி வேலையின்மை ஆய்வுப் பிரிவு' முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. இயக்குநர், லண்டனில் டாக்டர் பட்டம் வாங்கிய குலசேகரம்.

அவருக்கு இளகிய மனம். விசாரிக்க வரவழைத்த வேலையில்லாப் பட்டதாரிகளை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல், எல்லாரையும் ஆய்வாளர்களாகச் சேர்த்துக்கொண்டார். பாயான் பாரு வட்டாரத்துப் பத்மாவதியும் அப்படிச் சேர்ந்தவள்தான். பொருளியல் படித்தவள். ரயில்வேயில் கிராணியாகக் கணக்கெழுதி ஓய்வுபெற்ற சிவகுருநாதனின் ஒரே மகள். அவர் தெரு முழுக்க லட்டு கொடுத்தார்.

ஆய்வு தொடங்கியபோதுதான் சிக்கல் தெரிந்தது. ஆராய ஆளில்லை. இருந்த வேலையில்லாதவர்கள் எல்லாரும் ஆய்வுப் பிரிவில் வேலையாக இருந்தார்கள். மேலிடமோ அறிக்கை கேட்டது.

குலசேகரம் பத்மாவதியை அழைத்தார்.

"ஒருத்தராவது வேலையில்லாம இருந்தாத்தான் நாடு முன்னேறும். உங்களை நீக்குறேன்."

"ஏன் சார், என் வேலையில குறையா?"

"குறையே இல்ல. முதல் வகுப்பில தேறினவங்க நீங்கதான். ஆராய்ச்சிக்கு எடுக்கிற ஆள் தரமா இருக்கணும்லா."

மறுநாள் ஆய்வுப் பிரிவு முழுவதும் வேன் வைத்து அவள் வீட்டுக்கு வந்து இறங்கியது. முந்தின நாள்வரை பக்கத்து மேசையில் இருந்த ரொஸ்னா, அழுது வீங்கிய அவள் முகத்தைப் பார்த்து, ஏன் வேலை இல்லை என்று மரியாதையாகக் கேட்டாள். நீங்கள் நீக்கியதால்தான் என்றாள் பத்மாவதி. அவர்கள் கூடிப் பேசி, அது சொந்த அபிப்பிராயம், அறிவியல் காரணம் கிடைக்கும்வரை வாராவாரம் வருவோம் என்று சொல்லிவிட்டு, சிவகுருநாதன் கலக்கிக் கொடுத்த மைலோவைக் குடித்துப் போனார்கள்.

அடுத்த வாரம் அவர்கள் வருமுன் பத்மாவதி, ஊரார் கிலாங் என்று சொல்லும் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்குப் போனாள். பட்டத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. உடனே எடுத்துக்கொண்டார்கள்.

குலசேகரம் நேரிலேயே வந்து, தேசத்துக்காக வேலையை விடும்படி மன்றாடினார். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள். வேறு வழியில்லாமல் அவர் ரொஸ்னாவை நீக்கினார். அவளும் பட்டத்தை மறைத்துக்கொண்டு பத்மாவதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வருடம் முடிவதற்குள் ஆய்வுப் பிரிவில் இயக்குநர் மட்டுமே மிஞ்சினார். 'வேலையின்மை அறவே ஒழிந்தது' என்று அவர் அறிக்கை அனுப்ப, மேலிடம் பாராட்டுக் கேடயம் வழங்கியது.

சிவகுருநாதனுக்குத்தான் தெருவில் தலைகாட்ட முடியவில்லை. பக்கத்து வீட்டு வள்ளிநாயகி ஒருநாள் கேட்டே விட்டாள்.

"என்ன அண்ணே, பத்மா நீலச் சட்டை போட்டுக்கிட்டு கிலாங் பஸ்ல போகுது?"

"அதுவா? ஆராய்ச்சி. உள்ளே போய்த்தான் செய்யணுமாம்."

வள்ளிநாயகி சற்று யோசித்தாள்.

"என் மகனையும் அதுல சேர்க்கணும். டிகிரி போதுமா அண்ணே?"

"இப்போல்லாம் போட்டி அதிகம்லா," என்றார் சிவகுருநாதன். "மாஸ்டர்ஸ் படிக்கச் சொல்லு."