மச்சானின் புருவ மேடு

அருங்காட்சியக உதவியாளர் செய்த ஒரே தப்பு, போன வாரம் வந்த இரண்டு பெட்டிகளையும் ஒரே மேசையில் கொட்டியதுதான். பட்டியல்படி ஒன்று அழிந்துபோன நியாண்டர்தால் மனிதன், மற்றது நம்மைப் போன்றவன். இரண்டும் அச்சில் வார்த்த எலும்புக்கூடுகள். இப்போது எந்தக் கால் யாருடையது என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். மதியம் இயக்குநர் வந்து பார்ப்பார். அவருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பழைய மனிதனுக்கு எலும்பு தடிமன், புருவ மேடு பெரிசு என்று எங்கோ படித்த ஞாபகம். தடித்ததை இந்தப் பக்கம், மெலிந்ததை அந்தப் பக்கம் பிரித்தார். மண்டையோடுகளில்தான் சந்தேகம். ஒப்பிட ஒரு உயிருள்ள தலை வேண்டுமே. பக்கத்துத் தெருவில் கடை வைத்திருக்கும் மனைவியின் அண்ணனை வரவழைத்து, நெற்றியில் டேப்பை வைத்தார். தடித்த மண்டையோட்டின் அளவு அச்சு அசலாக ஒத்துப்போனது.

"எதுக்கு மாப்பிள்ளை என் தலையை அளக்கறீங்க?"

"இவரோட புருவமும் உங்க புருவமும் ஒண்ணு மச்சான்."

"இவர் யாரு?"

சும்மா இருந்திருக்கலாம். "அழிஞ்சுபோன இனம்" என்று சொல்லித் தொலைத்தார்.

மச்சான் உடனே தங்கைக்கு போன் போட்டார். மனைவி வந்த வேகத்தில் கதவு சுவரில் மோதியது.

"எங்க அண்ணன் அழிஞ்சுபோன இனமா?"

"அப்படிச் சொல்லலம்மா, அளவைத்தான்..."

"அப்ப இந்த மண்டை மனுஷங்க பக்கம் போகட்டும்."

மண்டை போனது. "தோளும் என் தோள் மாதிரியே அகலமா இருக்கு" என்றார் மச்சான். தோளும் போனது. அப்புறம் தொடை, முழங்கால், விலா. தடித்தது முழுக்க 'மனிதன்' என்ற பலகைக்குப் பின்னால் நின்றது. ஒல்லிக்கு 'நியாண்டர்தால்' பலகை.

"இது அப்படியே உங்களை மாதிரி இருக்கு. உங்க இனம்தான் அழிஞ்சிருக்கு" என்றாள் மனைவி.

உதவியாளர் பலகைகளை மாற்றி வைக்க எழுந்தபோது இயக்குநர் உள்ளே வந்துவிட்டார். இயக்குநர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒல்லியை உற்றுப் பார்த்தார்.

"முகத்துலயே காட்டுத்தனம் தெரியுது பாருங்க." பிறகு தடியனிடம் திரும்பினார். "இங்க பாருங்க, நெத்தியில என்ன ஒரு அறிவுக்களை. பிரமாதம். நாளையிலேர்ந்து நீங்க நிரந்தரம்."

மச்சான் நெற்றியைத் தடவிக்கொண்டார். உதவியாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வாசலில் வேன் ஓட்டுநர் ஒரு பெரிய பெட்டியோடு நின்றிருந்தார்.

"சார், நியாண்டர்தால் இப்பத்தான் வந்திருக்காரு, எங்க இறக்கட்டும்? போன வாரம் இறக்கினது நம்மள மாதிரி ஒரு ஆம்பளையும் ஒரு பொம்பளையும்."