ஓடுகிற எஞ்சினுக்கு வைத்தியர்

மனிதரில் ஒரு இனம் உண்டு. நின்றுபோன எஞ்சினை ஏறெடுத்தும் பார்க்காது. நன்றாக ஓடுகிற எஞ்சினைக் கண்டால்தான் அதற்குக் கை அரிக்கும்.

அந்த இனத்தில் மூத்தவரான மதலைமுத்துவின் பெயரைச் சந்திரம்மா முதலில் கேட்டது, நாத்தனார் ராதா வீட்டு மிக்ஸி செத்த அன்று. நாத்தனார் என்றால் புருஷன் கூடப் பிறந்தவள் இல்லை. அவனுடைய பெரியப்பா மகள், ஸ்ரீராம்புரத்தில் வாழ்க்கைப்பட்டவள். "நல்லாத்தான் ஓடிட்டிருந்தது அண்ணி. மதலைமுத்து அண்ணன் வந்து பாத்தாரு" என்று மூக்கைச் சிந்தினாள். அதற்கப்புறம் அந்தப் பெயர் வந்ததெல்லாம் துக்கச் செய்தியோடுதான். பால்காரருடைய மொபெட், ராதாவின் ஓரகத்தி வீட்டுத் தண்ணீர் மோட்டார், யாரோ ஒரு சம்பந்தியின் டேப் ரெக்கார்டர்.

ஆளை நேரில் பார்த்தது தொண்ணூற்றாறு ஏப்ரலில், ஒரு வியாழக்கிழமை. விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலின் வியாழக்கிழமைக் கூட்டம் உங்களுக்குத் தெரியாததா? ஜெபம் முடிந்து வெளியே வரும்போது அத்தனை தொண்டையும் வறண்டிருக்கும். அந்தத் தொண்டைகளை நம்பித்தான் சந்திரம்மா கரும்புச்சாறு வண்டியை நிறுத்தி, இரண்டு கட்டுக் கரும்பைச் சீவி வைத்திருந்தாள். சீவின கரும்பு நாளைக்குத் தாங்காது. சாறு பிழிவது ஒரு சின்ன பெட்ரோல் எஞ்சின். கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தால் போதும், டுபுடுபுவென்று எடுத்துக்கொள்ளும்.

மதலைமுத்து வந்தார். தலையைச் சாய்த்தார். ஸ்க்ரூட்ரைவரின் நுனியை எஞ்சின் மேலும் பிடியைத் தன் காதிலும் வைத்து, நாடி பார்க்கிறவர் போலக் கண்ணை மூடினார்.

"சத்தத்துல ஒரு இருமல் இருக்குதும்மா."

"ஓடுதே அண்ணே."

"ஓடும். அதுதான் ஆபத்து. ஒந்தே நிமிஷம், ஒரே நிமிஷம்."

அவள் கை நீட்டுவதற்குள் எஞ்சின் நின்றுவிட்டது. சூடு பொறுக்காமல் கைக்குட்டையால் பிடித்துப் பிளக்கைக் கழற்றினார், முகர்ந்தார், உப்புத்தாளில் தேய்த்தார், "நினைச்சேன்" என்றார். என்ன நினைத்தார் என்று இந்த இனம் ஒருநாளும் சொல்லாது. வைத்தியத்தோடு வேண்டுதலும் சேரட்டும் என்று பிளக்கைக் கோயிலுக்குள் கொண்டுபோய், மெழுகுவர்த்தி வரிசையில் வைத்து, முழங்காலிட்டு ஜெபித்துத் திரும்பி வந்தார். வந்து கயிற்றை இழுத்தார்.

வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் வந்தது கயிறு.

"பாத்தியா, எவ்ளோ லேசாயிடுச்சு!" சுற்றி நின்றவர்களும் ஆளுக்கொரு தரம் இழுத்துப் பார்த்து, ஆமாம், லேசுதான் என்று சாட்சி சொன்னார்கள். எஞ்சின் மட்டும் கிளம்பவில்லை.

"அந்த ஓட்டையில காத்து வருதே அண்ணே?"

"வரணும்மா. எஞ்சின் மூச்சு வுடுது."

இழுத்து இழுத்து வேர்த்தபோதுதான் முகம் துடைக்கக் கைக்குட்டையைத் தேடினார். கைக்குட்டை இல்லை. அது சுற்றியிருந்த பிளக்கும் இல்லை. அது இல்லாததால்தான் கயிறு லேசாக வந்ததும், ஓட்டை மூச்சு விட்டதும். ஓடினார். மெழுகுவர்த்தி வரிசையைத் துப்புரவு செய்கிற கோயில்பிள்ளை அதற்குள், எவரோ வண்டிக்காரரின் நேர்ச்சை என்று பயபக்தியோடு காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டிருந்தார். சாவி சாமியாரிடம். சாமியார் ஓசூரில். வேறு பிளக் வாங்க ஜே.சி. ரோடு போய் வருவதற்குள் கூட்டம் கலைந்துவிடும்.

ஜெபம் முடிந்து வாசல் நிறைந்தது. சந்திரம்மா கரும்பைப் பார்த்தாள், மதலைமுத்துவைப் பார்த்தாள். எஞ்சின் பூட்டுவதற்கு முந்திய காலத்துக் கைச்சக்கரம் வண்டியிலேயே இருந்தது.

"சுத்துங்க அண்ணே."

சுற்றினார். பொழுது சாயும்வரை, இரண்டு கட்டும் சக்கையாகும்வரை சுற்றினார். பெட்ரோல் கேட்கவில்லை, நடுவில் ஒரே ஒரு தம்ளர் சாறு கேட்டார். வண்டி இதற்குமுன் இத்தனை ஒழுங்காக ஓடியதில்லை. அந்த நேரம் பார்த்து அவருடைய தங்கை மருமகன் சிரில் வந்தான். நின்றான். தலையைச் சாய்த்தான்.

"மாமா, மூச்சுல ஒரு இருமல் கேக்குதே. நிறுத்துங்க, பாக்கலாம்."

சந்திரம்மா கரும்பு சீவும் கத்தியைக் கையில் எடுத்த பிறகுதான் அவன் நகர்ந்தான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டு அலமாரி இழுப்பறையில் ஒரு ஸ்க்ரூட்ரைவர் கிடக்கிறதே, அது கடைசியாக எதைத் திறந்தது? திறப்பதற்கு முன் அது ஓடிக்கொண்டிருந்ததா, இல்லையா?

மதலைமுத்து இப்போது தொம்மலூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே மின்விசிறி போன வாரம் வரைக்கும் சுற்றியது.