ரைஸ் மில்லில் ஒரு விமான ஹெட்செட்

மகள் ஜாஹிராவுக்கு ஹெட்செட் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை வேறு யாரிடமும் விடுவதில்லை என்று நசுருதீன் சபதமே எடுத்துவிட்டார். உத்திரமேரூர் பஜாரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவர். உயிரை விட்ட டிரான்சிஸ்டரையும் பேசவைத்துவிடுவார். மகளோ சென்னையில் பயிற்சி முடித்து, சின்ன விமானம் ஓட்ட லைசென்ஸ் வாங்கியவள். அவள் காதுக்கு எது பொருந்தும் என்று பெற்ற தகப்பனை விட யாருக்குத் தெரியும்?

சபதத்துக்குப் பின்னால் வேறொரு சங்கதியும் இருந்தது. லைசென்ஸ் கைக்கு வந்த அன்றே ஜாஹிரா போன் செய்து, "அத்தா, எம்பக்கத்துல மொதல்ல நீங்கதான் ஒக்காரணும். அதுவரைக்கும் வேற யாரையும் ஏத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. கூடவே உயரமும் நினைவுக்கு வந்தது. சொந்த வீட்டு மாடியில் ஆன்டெனா கட்டக்கூட வேறு ஆளை ஏற்றிவிட்டுக் கீழே நின்று யோசனை சொல்கிறவர் அவர். பயமாக இருக்கிறது என்று பெண்ணிடம் சொல்ல வாய் வரவில்லை. முதலில் நல்ல ஹெட்செட் அமையட்டும் என்று சொல்லி வைத்தார்.

பயிற்சி தந்த இடத்தில் இருந்ததெல்லாம் காதையே மூடும் பெரிய கிண்ணங்கள். மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு அதன் காம்பு நடுவில் மாட்டிக்கொள்ளும். அந்தச் சந்து வழியாக இன்ஜின் சத்தம் முழுக்க உள்ளே வந்துவிடும். ஜாஹிராவுக்குக் கண்ணாடியோடு முக்காடும் உண்டு. ஆகவே காதுக்குள் செருகுகிற வகைதான் சரி என்று முடிவாயிற்று. தெரிந்த வியாபாரி ஒருவர் சோதித்துப் பார்க்க ஒவ்வொன்றாக அனுப்பினார். மனைவி மெஹர்பானு அதற்கும் வழி சொன்னாள்.

"உங்க காதுலயே வெச்சிப் பாருங்க. உங்க காது அப்டியேதான அவளுக்கும் கீது."

இதைக் கேட்டு நசுருதீனுக்கு ஏகப்பட்ட பெருமை. விமான பிளக் சாதா ரேடியோவில் நுழையாது. அதற்கும் ஓர் இணைப்பைத் தானே செய்துகொண்டார். நேரே முனிரத்தினத்தின் ரைஸ் மில்லுக்குப் போனார். ஊரில் விமானத்துக்குச் சமமாக இரைச்சல் போடுவது அது ஒன்றுதான். நுனிப் பஞ்சை விரலால் உருட்டி, காதை மேலே இழுத்துப் பிடித்து, உள்ளே செருகி, பஞ்சு உப்பும்வரை கண்ணை மூடிக்கொண்டு தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்திருப்பார். காதில் ஏதோ பெரிய வியாதி போலிருக்கிறது என்று முனிரத்தினம் பரிதாபப்பட்டார்.

ஒன்றில் பஞ்சு குத்துகிறது. இன்னொன்றில் மைக் மீசையோடு நின்றுவிடுகிறது, உதட்டுக்கு வரவில்லை. அடுத்ததில் ஒயர் கட்டை. ஒவ்வொரு குறைக்கும், மகளோடு விமானம் ஏறவேண்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை தள்ளிப்போயிற்று. மனிதர் நிம்மதியாகத் தூங்கினார்.

அப்புறம்தான் அது வந்து சேர்ந்தது. மாட்டியதும் மில் அடங்கிப்போனது. ரேடியோவில் பாடுகிறவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. ஆகா என்று ரசித்துவிட்டார் நசுருதீன். ரசித்த பிறகுதான் உறைத்தது, இதில் சொல்ல ஒரு குறையும் இல்லையே என்று. வீட்டுக்கு வரும்போதே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"இதுவும் ஒதவாது பானு. வெளிய கீற சத்தம் அத்தினியும் உள்ள வருது."

மெஹர்பானு ஹெட்செட்டை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். அதை மாட்டிக்கொண்டு அடுப்படியில் திரும்பி உட்காரச் சொன்னாள். கிரைண்டரையும் மிக்சியையும் சேர்த்துப் போட்டாள். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று என்னவோ சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் நிறுத்தி அவர் காதிலிருந்து பிடுங்கினாள்.

"நல்லா கேட்டுச்சா?"

"எல்லாம் கேட்டுச்சி. அதான சொல்றேன்."

"அப்ப நான் இன்னா சொன்னேன்?"

நசுருதீன் அடுப்பைப் பார்த்தார். சோறு வெந்துவிட்டதாகச் சொன்னாள் என்று குத்துமதிப்பாக ஒன்றைப் போட்டார்.

"நேத்து ஜாஹிரா போன்ல அழுதா. 'என் கைய நம்பலையாம்மா அத்தா'ன்னு கேட்டா. அதச் சொன்னேன்."

அந்தப் பிஞ்சுக் கையில்தான் அவர் முதன்முதலில் ஸ்குரூடிரைவர் கொடுத்தார். அதையா நம்பமாட்டார்?

"அவ கைய நான் நம்பாம? என் காலத்தான் பானு நம்பல. ஏணியப் பாத்தாலே நடுங்குது."

"இத அவகிட்ட சொல்றதுக்கு இன்னா? சிரிச்சிட்டு, இன்னும் மெதுவா ஓட்டுவா."

நசுருதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனம் லேசானதும் மூளையும் வேலை செய்தது. சரி, இந்த ஹெட்செட் முதல்தரம், நாளைக்கே மகளுக்கு அனுப்பிவிடலாம், அவள் இதை மாட்டி நன்றாகப் பழகட்டும், நான் பிறகு சாவகாசமாக வருகிறேன் என்றார்.

மெஹர்பானு அதைத் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடினாள்.

"அவளுது அவ எப்பவோ வாங்கிட்டா. இது பக்கத்து சீட்டுக்கு. உங்க காதுக்குச் சரியா கீதான்னு பாக்கத்தான் இத்தினி நாளு ஆச்சி. ஞாயித்துக்கெழம காலைல நாஷ்டா மட்டும் கம்மியா சாப்புடுங்க."